திரை வடிவமைப்புக்குக் கருத்துச் சொல்லுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு செயலியின் அல்லது இணையதளத்தின் திரை வடிவமைப்பை முன்னால் வைத்து "பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கப்படும் எல்லோருக்குமான பக்கம் இது: பொறியாளர், திட்ட மேலாளர், பணம் கொடுக்கும் வாடிக்கையாளர், பக்கத்து மேசை வடிவமைப்பாளர். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஒரே கற்பனைச் செயலியிலிருந்து வருகின்றன. தமிழ்நாட்டில் ஓடும் வெளியூர் பஸ்களுக்கு இருக்கை பதிவு செய்யும் செயலி அது. பஸ் பட்டியல், இருக்கைப் படம், பணம் செலுத்தும் பக்கம், ரத்து செய்யும் பக்கம் என நான்கு திரைகள்.

"நன்றாக இருக்கிறது", "ஏதோ குறைகிறது" என்று சொன்னால் என்ன தவறு?

தவறில்லை, பயனில்லை. இவற்றைக் கேட்ட வடிவமைப்பாளர் தன் இடத்துக்குத் திரும்பிப் போய் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். முதலாவதைக் கேட்டவர் ஒன்றும் செய்யமாட்டார். இரண்டாவதைக் கேட்டவர் நிறத்தை மாற்றுவார், எழுத்துருவை மாற்றுவார், உங்கள் முகத்தைப் பார்ப்பார். முகம் மலராவிட்டால் மறுபடியும் மாற்றுவார்.

ஒரு கருத்து உருப்படியானதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். நீங்கள் எழுந்து போன பிறகு, உங்களை மறுபடி கேட்காமலே, வடிவமைப்பாளரால் அதைச் சரிபார்க்க முடியுமா? "பட்டியல் குழப்பமாக இருக்கிறது" என்பதைச் சரிபார்க்க முடியாது. "புறப்படும் நேரமும் போய்ச்சேரும் நேரமும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருக்கின்றன, எது எந்த நேரம் என்று இரண்டு முறை பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்" என்பதைத் திரையைத் திறந்த மாத்திரத்தில் சரிபார்த்துவிடலாம். பார்த்துவிட்டு அவர் ஏற்காமலும் போகலாம். எதை ஏற்கவில்லை என்பதாவது இருவருக்கும் தெளிவாக இருக்கும்.

நான் வடிவமைப்பாளர் இல்லை. எனக்குக் கருத்துச் சொல்லத் தகுதி உண்டா?

உண்டு. எதைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு, பயணிகள் முதலில் கேட்பது நேரத்தையா கட்டணத்தையா என்பது அத்துப்படி. புகார் அழைப்புகளை எடுப்பவருக்கு, பணம் போய் டிக்கெட் வராதவர்கள் எந்தத் திரையில் நின்று திகைக்கிறார்கள் என்று தெரியும். பொறியாளருக்கோ, சர்வரிலிருந்து பதில் வரத் தாமதமானால் அந்த இடைவெளியில் திரை எதைக் காட்டும் என்ற சந்தேகம் வரும். வடிவமைப்பாளருக்கு இவை தெரியாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். உங்களுக்குத் தெரிந்ததை விட்டுவிட்டு நீல நிறத்தைப் பற்றிப் பேசுவதுதான் வீண்.

வடிவமைப்பைப் பார்ப்பதற்கு முன் என்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?

இந்தத் திரையை யார், எங்கே, என்ன அவசரத்தில் பயன்படுத்துவார்கள்? வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது? என்னிடம் எதைப் பற்றிக் கருத்து வேண்டும்? எதை மாற்ற முடியாது?

கட்டத்தைக் கேட்காமல் பேசுவதால் வரும் சண்டைகள்தான் ஏராளம். வெறும் கோடுகளும் பெட்டிகளுமாக இருக்கும் முதல் வரைவைப் பார்த்து "எழுத்துரு பிடிக்கவில்லை" என்பார் ஒருவர். நாளை மறுநாள் வெளியிட வேண்டிய இறுதித் திரையைப் பார்த்து "இருக்கைப் படமே தேவையில்லையே" என்பார் இன்னொருவர். இரண்டும் சரியான கருத்துகளாகவே இருக்கலாம், ஆனால் வந்த நாள் தவறு. மாற்ற முடியாதவற்றையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பணம் செலுத்தும் பக்கம் வேறு நிறுவனத்தின் கையில் இருந்தால், அங்கே உள்ள பொத்தானைப் பற்றி அரை மணி நேரம் பேசி யாருக்கும் லாபமில்லை.

ஒரு நல்ல கருத்தைக் காட்டுங்களேன்.

பஸ் பட்டியலில் ஒரு வரி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "மதுரை → சென்னை, 15 சனி, 12:15 AM." 

மோசமான கருத்து: "நேரம் சரியாகத் தெரியவில்லை." வடிவமைப்பாளர் எழுத்தைப் பெரிதாக்குவார். பெரிய எழுத்தில் அதே குழப்பம் இருக்கும்.

உருப்படியான கருத்து: "இது வெள்ளி இரவு சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டிய பஸ். நம் ஊரில் நள்ளிரவு தாண்டினாலும் விடியும்வரை 'வெள்ளி இரவு' என்றுதான் பேச்சு. '15 சனி' என்று பார்த்தவர் சனிக்கிழமை இரவு பெட்டியோடு வந்து நிற்பார். அவர் பஸ் முந்தைய இரவே போயிருக்கும். தவறு பஸ் நிலையத்துக்கு வந்த பிறகுதான் தெரியும், பணமும் திரும்பாது."

இதில் நான்கு விஷயங்கள் இருக்கின்றன: எந்த இடம், யார், அவர் என்ன நினைப்பார், அதனால் என்ன நடக்கும். தீர்வு இல்லை என்பதைக் கவனியுங்கள். "வெள்ளி நள்ளிரவு" என்று எழுதலாம். இரண்டு நாள்களையும் சேர்த்து "14 வெள்ளி இரவு, விடிந்தால் 15 சனி" என்று காட்டலாம். நள்ளிரவுக்கும் நான்கு மணிக்கும் இடைப்பட்ட பஸ்களுக்கு மட்டும் பதிவு செய்யும் முன் ஒரு கேள்வி கேட்கலாம். எது சரி என்று வடிவமைப்பாளர் வரைந்து பார்த்துச் சொல்லட்டும்.

இன்னொன்று, ரத்து செய்யும் பக்கத்தில். "முன்பதிவை ரத்து செய்ய வேண்டுமா?" என்று ஒரு சிறு பெட்டி எழுகிறது. கீழே இரண்டு பொத்தான்கள்: "ரத்து", "சரி". ரத்து என்றால் டிக்கெட்டை ரத்து செய்வதா, ரத்து செய்வதை ரத்து செய்வதா? இங்கே "பொத்தான்களின் பெயர் சரியில்லை" என்று நிறுத்திக்கொள்ளாமல், "டிக்கெட்டை வைத்துக்கொள்ள விரும்புகிறவர் எதை அழுத்துவார் என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் திணறுவதைப் பார்த்தால் வடிவமைப்பாளரே "டிக்கெட்டை ரத்து செய்", "டிக்கெட் இருக்கட்டும்" என்று மாற்றிவிடுவார்.

தீர்வை நானே சொல்லக் கூடாதா?

சொல்லலாம், குறையைச் சொன்ன பிறகு. "தேடு பொத்தானைச் சிவப்பாக்குங்கள்" என்று ஒருவர் எழுதுகிறார். ஏன் என்று கேட்டால், பொத்தான் கண்ணில் படவில்லை என்கிறார். ஏன் படவில்லை என்று பார்த்தால், ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்யும்போது எழும்பும் விசைப்பலகை அதை மூடிவிடுகிறது. சிவப்பாக்கினால் விசைப்பலகைக்குப் பின்னால் ஒரு சிவப்புப் பொத்தான் ஒளிந்திருக்கும், அவ்வளவுதான்.

தீர்வு மட்டும் வந்தால் அதன் பின்னால் இருக்கும் குறை மறைந்துபோகிறது என்பதுதான் என் ஆட்சேபம். குறையைச் சொல்லி, "ஒரு வழியாக இதை யோசிக்கலாம்" என்று சேர்த்தால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

எனக்குப் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லவே கூடாதா?

தாராளமாகச் சொல்லுங்கள், அது ரசனை என்ற முத்திரையோடு. "இது என் ரசனை, தள்ளிவிடலாம்: இந்த ஆரஞ்சு எனக்குக் கண்ணை உறுத்துகிறது." ரசனையைப் பயனரின் வாயில் வைத்து "பயனர்களுக்குப் பிடிக்காது" என்பதுதான் மோசம். எந்தப் பயனர், யார் கேட்டது?

மறுபக்கமும் உண்டு. எல்லாவற்றையும் அளந்து நிரூபித்தால்தான் ஒப்புக்கொள்வேன் என்பதும் ஒரு வியாதி. கூகுளில் காட்சி வடிவமைப்பை முன்னின்று நடத்திய டக்ளஸ் போமன் 2009-இல் அங்கிருந்து விலகியபோது எழுதியது வடிவமைப்பு உலகில் இன்றும் பேசப்படுகிறது. இரண்டு நீலங்களுக்கு இடையே முடிவெடுக்க முடியாமல் ஒரு குழு 41 நீலங்களைச் சோதித்ததையும், ஒரு கோட்டின் தடிமன் 3 பிக்சலா, 4-ஆ, 5-ஆ என்ற விவாதத்தில் தன் வாதத்தை நிரூபிக்கச் சொன்னதையும் அவர் குறிப்பிட்டிருந்தார். கோட்டின் தடிமனுக்கு ஒரு தேர்ந்த கண் போதும். பஸ் புறப்படும் தேதிக்குப் போதாது.

எவற்றை அளந்தே சொல்லிவிடலாம்?

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு முதலாவது. பார்வைக் குறைவு போன்ற சிரமம் உள்ளவர்களும் பயன்படுத்த முடிய வேண்டும் என்று வகுத்த இணைய அணுகல்தன்மை வழிகாட்டி நெறிகள் (WCAG) சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என்று வரையறுக்கின்றன. வெள்ளைப் பின்னணியில் #999999 என்ற சாம்பல் ஏறத்தாழ 2.85 தான் வரும். #767676 மயிரிழையில் தேறிவிடும். வடிவமைப்பாளர்களுக்கு வெளிர் சாம்பலின்மேல் ஏன் இத்தனை மோகம் என்று எனக்கு விளங்கியதே இல்லை. குளிரூட்டிய அறையில் பெரிய திரையில் அது நாசூக்காகத்தான் தெரிகிறது. அதே எழுத்தை மதிய வெயிலில், ஒளி குறைந்த கைப்பேசியில், நாற்பது வயது தாண்டிய கண்ணால் படிக்க வேண்டும்.

இரண்டாவது, விரல் படும் இடத்தின் அளவு. ஆப்பிள் 44 புள்ளிகள் என்கிறது, ஆண்ட்ராய்டு வழிகாட்டி 48 என்கிறது. 2023-இல் வந்த அணுகல்தன்மை நெறிகளின் 2.2 பதிப்பு, குறைந்தபட்சம் 24-க்கு 24 பிக்சல் இருக்கட்டும் என்று, சில விலக்குகளோடு, கேட்கிறது. நம் இருக்கைப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசையில் நான்கு இருக்கை, நடுவே வழி. அகலம் குறைந்த கைப்பேசியிலும் இது அடங்கிவிடும். படுக்கை வசதி உள்ள பஸ்ஸில் மேல்தளத்தையும் கீழ்த்தளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் கட்டம் சுருங்கிப்போய், மேல் படுக்கை வேண்டாம் என்ற பாட்டிக்கு மேல் படுக்கையே விழும்.

மூன்றாவது, நிறத்தை மட்டும் நம்பியிருப்பது. விற்ற இருக்கை சிவப்பு, காலி இருக்கை பச்சை என்றால், இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கு எல்லா இருக்கையும் ஒன்றுதான். பெண்களுக்கான இருக்கைக்கு இளஞ்சிவப்பு மட்டும் போதாது; ஓர் எழுத்தோ குறியோ வேண்டும். திரையைக் கறுப்பு-வெள்ளையாக்கிப் பார்த்தால் ஒரே நொடியில் தெரிந்துவிடும்.

தமிழில் வரும் திரைக்குத் தனியாகப் பார்க்க வேண்டியது உண்டா?

நிறைய. பெரும்பாலான திரைகள் ஆங்கில எழுத்துகளோடு வரையப்பட்டு, கடைசி வாரத்தில் தமிழாக்கப்படுகின்றன. ஆங்கிலத்தில் மூன்று எழுத்தில் முடிந்த பொத்தானில் "பணம் செலுத்து" உட்கார வேண்டியிருக்கிறது. ஆகவே முதல் கோரிக்கை: தமிழ்ச் சொற்களை இட்ட திரையைக் காட்டுங்கள், அதுவரை கருத்தில்லை.

அடுத்தது, பெயர் வெட்டுப்படுவது. இடம் போதாவிட்டால் மூன்று புள்ளி போட்டு மீதியை மறைப்பது வழக்கம். "சென்னை கிளாம்பாக்கம்", "சென்னை கோயம்பேடு" இரண்டும் "சென்னை..." என்று நிற்கும். கிளாம்பாக்கம் நிலையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டது. கோயம்பேட்டிலிருந்து 25 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. வெட்டுப்பட்ட பாதிச் சொல்லால் ஒருவர் பஸ்ஸை விட்டுவிடுவார். எழுத்தைச் சிறிதாக்குவதைவிட, ஊர்ப் பெயரைச் சிறிதாக மேலே வைத்து நிலையத்தின் பெயரைக் கீழே முழுதாகக் காட்ட முடியுமா என்று கேட்கலாம்.

வரி இடைவெளியையும் பாருங்கள். நம் எழுத்துகள் மேலேயும் ஏறும், கீழேயும் இறங்கும். "கீ"-யின் மேல்சுழி மேல் வரியில் முட்டும், "மூ"-வின் வால் கீழே வெட்டுப்படும், புள்ளி மறையும். ஆங்கிலத்துக்குப் பொருந்திய வரி உயரத்தைத் தமிழுக்கும் அப்படியே விட்டுவைத்தால் இதுதான் கதி. "மூலனூர்", "கீழ்வேளூர்", "ஸ்ரீவில்லிபுத்தூர்" போன்ற பெயர்களை இட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மாதிரித் திரைகளில் எப்போதும் "மதுரை", "சேலம்" என்று அடக்கமான ஊர்களே வந்து உட்கார்ந்திருக்கும்.

எழுத்துருவும் ஒரு தொல்லை. வடிவமைப்பாளர் தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழே இல்லாவிட்டால், கைப்பேசி தன்னிடம் இருக்கும் வேறொரு தமிழ் எழுத்துருவைப் போட்டுக்கொள்ளும். எண்களும் ஆங்கிலமும் ஒரு தடிமன், தமிழ் வேறொரு தடிமன். கட்டணம் மட்டும் கொட்டை எழுத்தில் கத்துவதுபோல் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மொழி நடையையும் சொல்லுங்கள். ஒரு பொத்தான் "செய்" என்கிறது, அடுத்தது "செய்யவும்" என்கிறது, மூன்றாவது "செய்யுங்கள்" என்கிறது. எதுவும் தவறில்லை. மூன்றும் ஒரே திரையில் வந்தால், மூன்று பேர் மூன்று நாளில் மொழிபெயர்த்தது வெட்டவெளிச்சம்.

இருபது குறைகள் தெரிகின்றன. எல்லாவற்றையும் சொல்லவா?

எழுதி வையுங்கள், ஒரே மூச்சில் கொட்டாதீர்கள். திரைகளை மதிப்பிடுவதைப் பற்றி நெடுங்காலம் எழுதிவரும் ஜேக்கப் நீல்சன், குறைகளுக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் போடும் முறை ஒன்றைத் தந்திருக்கிறார். 0 என்றால் குறையே அல்ல; 4 என்றால் சரிசெய்யாமல் வெளியிடவே கூடாது. எத்தனை பேர் இடறுவார்கள், இடறினால் எவ்வளவு அடிபடும், ஒருமுறை பழகினால் போய்விடுமா, ஒவ்வொரு முறையும் இடறுமா என்ற மூன்றையும் பார்த்து மதிப்பெண் போட வேண்டும்.

நள்ளிரவுத் தேதி 4. "ரத்து, சரி" பெட்டியும் 4. விசைப்பலகைக்குப் பின்னால் ஒளியும் பொத்தான் 3, சிரமப்பட்டாவது கண்டுபிடித்துவிடுவார்கள். எழுத்துருத் தடிமன் 1. இப்படிப் பிரித்துக் கொடுத்தால் வடிவமைப்பாளருக்கு எதில் தொடங்குவது என்று தெரியும். பிரிக்காமல் கொடுத்தால் மனித இயல்புப்படி எளிதானதை முதலில் முடிப்பார்: எழுத்துரு சரியாகிவிடும், தேதி அப்படியே இருக்கும்.

"பயிற்சி கொடுத்தால் போதும், எச்சரிக்கை போட்டிருக்கிறோமே" என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

சிட்டி வங்கியின் கதையைச் சொல்லுங்கள். 2020 ஆகஸ்டில் ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு அந்த வங்கி ஏறத்தாழ 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பியது, அசலும் சேர்த்து, சுமார் 90 கோடி டாலர், வங்கியின் சொந்தப் பணத்திலிருந்து. அசல் வெளியே போகாமல் வங்கியின் உள்கணக்கிலேயே நிற்க வேண்டுமானால் மென்பொருள் திரையில் மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும். ஒன்றை மட்டும் நிரப்பினார்கள். அந்தக் கட்டத்தின் பெயரே "அசல்" என்பதால் அது போதும் என்று தோன்றியிருக்கிறது. பதிவு செய்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என மூன்று பேர் பார்த்த பிறகுதான் பணம் போனது. எச்சரிக்கையும் வந்தது: பணம் வங்கிக்கு வெளியே போகும், தொடரவா என்று. வட்டி வெளியே போகத்தானே வேண்டும்? எவ்வளவு போகிறது என்ற தொகை அந்த எச்சரிக்கையில் இல்லை.

பணம் பெற்றவர்களில் சிலர் சுமார் 50 கோடி டாலரைத் திருப்பித் தர மறுத்தார்கள். 2021-இல் கீழ் நீதிமன்றம் அவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்றது. 2022-இல் மேல்முறையீட்டில் அது மாறியது. அந்த வழக்கு முடியும்வரை வங்கி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்திருக்கும்.

ஆகவே எச்சரிக்கைப் பெட்டியைப் பார்த்தால் இதைக் கேளுங்கள்: இது எல்லா முறையும் வரும் ஒரே வாசகமா, இந்த முறை நடக்கப்போவதைச் சொல்கிறதா? "உறுதியா?" என்று கேட்பதில் பயனில்லை. "நான்கு பயணிகளின் டிக்கெட்டும் ரத்தாகும், 2,480 ரூபாயில் 1,240 திரும்பும்" என்றால் விரல் தானாக நிற்கும்.

பாராட்டி, குறை சொல்லி, மறுபடி பாராட்டி முடிக்க வேண்டும் என்கிறார்களே?

கசப்பு மாத்திரையை வாழைப்பழத்தில் வைத்துக் கொடுக்கும் வித்தை. இரண்டாம் முறையே எல்லோருக்கும் புரிந்துவிடும். அதன் பிறகு நீங்கள் பாராட்டத் தொடங்கினாலே எதிரில் இருப்பவர் அடிக்குத் தயாராகிவிடுவார்.

நன்றாக இருப்பதைச் சொல்வதற்கு வேறொரு காரணம் உண்டு. சொல்லாவிட்டால் அதையும் மாற்றிவிடுவார்கள். "கட்டணத்தில் எல்லா வரியும் சேர்ந்தே முதல் திரையில் வருகிறது, அதைத் தொடாதீர்கள்" என்பது பாராட்டும்தான், வேலைக்கான குறிப்பும்தான்.

மூத்தவரின் வடிவமைப்பில் குறை சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

நியாயமான தயக்கம். ஆள் திரைக்குப் பின்னால் இருக்கிறார்; பேச்சைத் திரையின்மேல் வையுங்கள். "நீங்கள் தேதியைத் தவறாக வைத்திருக்கிறீர்கள், சார்" என்பதற்குப் பதில், "வெள்ளி இரவு கிளம்புகிறவர் இந்த வரியை எப்படிப் படிப்பார் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, சார்" என்று தொடங்கலாம். சந்தேகம் உண்மையாக இருக்க வேண்டும். "இப்படி வைத்ததற்கு ஏதாவது காரணம் இருக்கிறதா?" என்று இழுத்துக் கேட்பது கேள்விபோல் இருக்கும் குத்தல், அதைவிட நேராகச் சொல்வது மரியாதை.

மேலே இருப்பவர் கருத்துச் சொல்லும்போது கவனம் இன்னும் அதிகம் வேண்டும். அவர் போகிறபோக்கில் சொன்னதுகூட உத்தரவாகிவிடும். "இது யோசனைதான், செய்யத்தான் வேண்டும் என்றில்லை" என்று வாய்விட்டுச் சொல்லாத மேலாளருக்கு, கேட்டதெல்லாம் நடந்துவிடும். பிறகு திரை அவருடையதாகிவிடும்.

எழுதிக் கொடுப்பதா, கூட்டத்தில் பேசுவதா?

முதலில் தனித்தனியாக எழுதுங்கள், பிறகு கூடிப் பேசுங்கள். நீல்சனும் ரோல்ஃப் மோலிக்கும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், தனி ஒருவராகத் திரையை மதிப்பிட்டவர்கள் மொத்தக் குறைகளில் 20 முதல் 51 சதவீதம்வரைதான் கண்டுபிடித்தார்கள். ஒருவர் கண்ணில் படாதது அடுத்தவர் கண்ணில் படுவதால் பட்டியல்களைச் சேர்க்கும்போது எண்ணிக்கை கூடுகிறது. கூட்டத்தில் நேராகத் தொடங்கினால் இது நடக்காது. முதலில் பேசியவர் இருக்கைப் படத்தைப் பிடித்துக்கொண்டால் எல்லோரும் இருக்கைப் படத்தையே பேசிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள்.

எழுதும்போது ஒரு குறிப்பில் ஒரு விஷயம் மட்டும். ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் அந்த இடத்திலேயே குறிப்பை ஒட்டலாம். வாட்சப்பில் "மேலே இருப்பதைக் கொஞ்சம் கீழே" என்று அனுப்பாதீர்கள்.

வாடிக்கையாளர் "லோகோவைப் பெரிதாக்குங்கள்" என்கிறார். எப்படி எடுத்துக்கொள்வது?

அவர் ஒரு தீர்வைச் சொல்லியிருக்கிறார். குறையைக் கேட்டு வாங்குங்கள். "லோகோ சிறிதாக இருப்பதால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் பல நேரங்களில் வேறொன்று வெளிவரும். போலிச் செயலிகளைப் பற்றிய பயம் இருக்கலாம். பயணிகள் நம் செயலிதானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்று நினைக்கலாம். அப்படியானால் லோகோ பெரிதாக வேண்டிய இடம் முகப்பு அல்ல, பணம் செலுத்தும் பக்கம். சில நேரங்களில் வேறொன்றும் வெளிவராது, அவருக்குப் பெரிய லோகோதான் வேண்டும். சற்றே பெரிதாக்கிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

பயனர்களிடமே காட்டிவிட்டால் நம் கருத்து எதற்கு?

காட்டத்தான் வேண்டும். ஐந்து பேரிடம் காட்டினால் பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று நீல்சன் சொன்னது பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. அது ஒரே மாதிரியான பயனர்களுக்கு, ஒரே மாதிரியான வேலைக்குச் சொன்ன கணக்கு. கல்லூரி மாணவர் ஐவரிடம் காட்டிவிட்டு மூத்த குடிமக்களையும் பார்த்துவிட்டதாக நினைக்க வேண்டாம். நம்மால் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடிகிற குறைகளை முதலில் நீக்கிவிட்டால், பயனரின் நேரம் நமக்குத் தெரியாததைக் கண்டுபிடிக்கச் செலவாகும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் திரையின் ஸ்கிரீன்ஷாட்டைக் கொடுத்துக் கருத்து வாங்கலாமா?

அளக்கக்கூடியவற்றுக்கும் எழுத்துப்பிழைக்கும் உதவும், சொன்னதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளி இரவுக் குழப்பத்தை அது தானாகக் கண்டுபிடிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வெளிவராத வடிவமைப்பை வெளியாரின் கருவியில் ஏற்ற நிறுவனம் அனுமதிக்கிறதா என்று கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.

நான் சொன்னதை ஏற்கவில்லை. விட்டுவிடலாமா?

1, 2 மதிப்பெண் என்றால் விட்டுவிடுங்கள். 4 என்றால் மறுபடி வாதாடுவதைவிட, அந்தத் திரையை அறியாத ஒருவரிடம் கொடுத்து வடிவமைப்பாளர் முன்னிலையில் பயன்படுத்தச் சொல்லுங்கள். அவர் இடறாமல் போய்விட்டால் உங்கள் கருத்துதான் தவறு. அதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். இடறினால் நீங்கள் பேச வேண்டிய அவசியமே இருக்காது.

என் வடிவமைப்புக்கு உருப்படியான கருத்து வர நான் என்ன செய்ய வேண்டும்?

"எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள், "நன்றாக இருக்கிறது" என்றுதான் வரும். "வெள்ளி இரவு மதுரையிலிருந்து கிளம்ப ஒரு டிக்கெட் எடுங்கள்" என்று கைப்பேசியைக் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். விளக்கத் துடிக்கும் இடம் வரும்போது, விளக்காமல் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் விளக்கம் ஒவ்வொரு கைப்பேசியோடும் கூடப் போகப்போவதில்லை.

செயலி வெளியான பிறகு குறையைக் கண்டால்?

அப்போதும் முறை அதேதான், கூடவே சில விவரங்கள்: கைப்பேசியின் மாதிரி, செயலியின் பதிப்பு எண், மொழி, எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருக்கிறீர்களா என்பது, குறை தெரிவதற்கு முன் கடைசியாக எதை அழுத்தினீர்கள் என்பது. ஸ்கிரீன்ஷாட்டில் பயணியின் பெயர், கைப்பேசி எண், டிக்கெட் எண் மூன்றையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள்.